இரும்புப் பக்கத்து டிஸ்க்

பட்டறையில் அவருக்குப் பாலிஷ்காரர் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது; அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. தகடு வெட்டுகிறவர் வெட்டுவார், வளைக்கிறவர் மெஷினில் கொடுத்து வளைப்பார், வெல்டிங்காரர் மூலைகளைப் பற்றவைப்பார். எல்லாம் முடிந்து கடைசியாகச் சாமான் பாலிஷ்காரர் மேஜைக்கு வரும். வரும்போது அதைப் பார்க்கச் சகிக்காது. மூலைக்கு மூலை வெல்டிங் தழும்பு, நீலமும் கறுப்புமாகப் புகைக்கறை, தொட்டால் விரலைக் கிழிக்கிற விளிம்பு. அவர் கிரைண்டரைப் பிடித்துத் தழும்பைச் சீவி, விளிம்பை மழுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, கடைசியில் துணிச் சக்கரத்தில் கொடுத்து எடுத்தால், இரண்டு தகடு எங்கே சேர்ந்தது என்று பற்றவைத்த ஆளாலேயே சொல்ல முடியாது.

சும்மா சொல்லக்கூடாது, கைகாரர்தான். ஆனால் கையில் இருந்த அளவுக்கு வாயிலும் இருந்தது. "இந்த ஊர்ல எவன் வேணா தகடு வளைப்பான். முகம் பாத்துத் தலை வாரிக்கிற மாதிரி பண்ண எவன் இருக்கான், சொல்லு" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அதற்கு ஒரு மணி நேரம் விளக்கம் கேட்க வேண்டி வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு குணமும் உண்டு. தப்பு என்று ஒன்று நடந்தால் அது அவர் பக்கத்தில் நடந்திருக்கவே நடக்காது. வீட்டில் அவர் கைபட்டே தம்ளர் விழுந்து உருண்டாலும், "இதை யாரு இங்க கொண்டுவந்து வெச்சது?" என்றுதான் முதலில் கேட்பார். அவர் மனைவி அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, பிறகு சிரிக்கப் பழகிவிட்டாள். "நான்தாங்க வெச்சேன். தம்ளரை மேஜை மேல வெச்சது என் தப்புதான்" என்பாள். கிண்டல் என்று அவருக்குப் புரியவே புரியாது.

பட்டறைத் தரையில் நடுவே ஒரு மஞ்சள் கோடு ஓடும். போட்டவர் பாலிஷ்காரர்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் இரும்பு வேலை: கேட், கிரில், அலமாரி. இந்தப் பக்கம் எவர்சில்வர் வேலை. கிரைண்டரில் மாட்டி இரும்பைத் தேய்த்த டிஸ்க் கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் என்ன ஆகும் என்று புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் அவர் பாடம் எடுத்திருக்கிறார். டிஸ்க்கில் ஒட்டியிருக்கும் இரும்புப் பொடி எவர்சில்வருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பாலிஷ் போட்டால் கண்ணுக்கே தெரியாது. அன்றைக்குப் பளபளக்கும், மறுநாளும் பளபளக்கும். தண்ணீர் பட்டுப்பட்டு ஒருநாள் பழுப்புப் புள்ளி எட்டிப் பார்க்கும். துடைத்தால் போகும், மறுபடி வரும். "உள்ள இருக்கிறதை மேல துடைச்சா எப்படிடா போகும்?" என்று அவரே கத்துவார். ஒருமுறை கேட் செய்கிறவர் கவனக்குறைவாகத் தன் கிரைண்டரை இந்தப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டார் என்று அன்று பூராவும் வாய் கிழியத் திட்டித் தீர்த்தார். கேட்காரர் வயதில் சின்னவர், வாய்த்துடுக்கு உள்ளவர். "அண்ணே, கோட்டைத் தாண்டினா பாஸ்போர்ட் கேப்பீங்களா?" என்றதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தார்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. வெகுகாலம் வராந்தாவும் படிக்கட்டும் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தவளை, கை சுத்தம் பார்த்து, காயத்துக்குக் கட்டுப்போடும் அறைக்கு மாற்றியிருந்தார் பெரிய சிஸ்டர். அது அவளுக்குச் சாதாரண விஷயமில்லை. அந்த அறைக்குள் எல்லாரையும் விடமாட்டார்கள். வேலைக்குப் போகும்போது புடவைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தாள். அந்த அறைக்குக் கைகழுவும் பெரிய தொட்டி ஒன்று வேண்டும் என்று பேச்சு வந்ததும் இவள் முந்திக்கொண்டு, "எங்க வீட்டுக்காரர் பண்ணுவார் சிஸ்டர். சொன்ன நாளுக்குக் கொண்டுவந்து இறக்கிடுவார்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

பாலிஷ்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தகடு தேர்வு செய்வதிலிருந்து மடிப்பு வரை பக்கத்திலேயே நின்றார். வளைக்கிறவர், "நான் வளைக்கவா, இல்ல நீங்களே வளைச்சுக்கறீங்களா?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது. சொன்ன நாள் சாயங்காலம் வண்டி வாசலில் வந்து நின்றபோது, தொட்டியில் பின்பக்க மூலையும் தண்ணீர் இறங்கும் ஓட்டையைச் சுற்றிய வெல்டிங்கும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்துக் கையிலிருந்த டிஸ்க் தேய்ந்து தீர்ந்தது. பெட்டியைத் திறந்தால் பெட்டி காலி. கடைக்குப் போய் வாங்கி வரலாம். வண்டிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லலாம், ஒரு வார்த்தைதான். ஆனால் பாலிஷ்காரர் சொன்ன நாள் தவறினார் என்று பேர் வரும், அதுவும் பெண்டாட்டி வேலை செய்கிற இடத்தில்.

முதலாளி வெளியே நின்று வண்டிக்காரரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். கேட்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அவருடைய டிஸ்க் இரும்புப் பக்கத்து மேஜையில் கிடந்தது. பாலிஷ்காரர் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு, தான் போட்ட மஞ்சள் கோட்டைத் தானே தாண்டிப் போய் அதை எடுத்து வந்தார். சின்ன இடம்தானே, மேலே பாலிஷ் போட்டால் ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். யாராவது அவரிடம் அப்படிச் சொல்லியிருந்தால் கிரைண்டரைப் பிடுங்கி வைத்திருப்பார். வேலை முடிந்தது, தொட்டி வண்டியில் ஏறியது, டிஸ்க் பழைய இடத்துக்குப் போனது.

டீ குடித்துவிட்டு வந்த கேட்காரர், "அண்ணே, என் டிஸ்க்கை யாராவது எடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"உன் டிஸ்க்குக்கு நான் என்ன காவல்காரனா?" என்று எரிந்து விழுந்தார்.

தொட்டி போனதும் ஆஸ்பத்திரியில் ஒரே பேச்சு. கட்டுப்போட வருகிறவர்கள், அவர்களோடு வருகிறவர்கள், புதிதாக வரும் நர்ஸுகள் என்று பார்த்தவர்கள் எல்லாம், "என்ன பளபளப்பு! எங்க வாங்கினது?" என்று கேட்டார்கள். கேட்காதவர்களிடம் இவளே சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் செஞ்சது" என்பாள், எவ்வளவு முக்கியமான வேலையில் இருந்தாலும் அதை விட்டுவிட்டு. ராத்திரிச் சாப்பாட்டில் அதையெல்லாம் அப்படியே அவரிடம் ஒப்பிப்பாள். அவர் ஒன்றும் தெரியாதவர் போல, "அப்படியா சொன்னாங்க?" என்று இன்னொரு தடவை சொல்ல வைப்பார்.

சில வாரம் போயிற்று. ஒருநாள் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, தொட்டியில பழுப்பா புள்ளி புள்ளியா வருது. பின்னாடி மூலையில. ஓட்டையைச் சுத்தியும்."

பாலிஷ்காரருக்கு உடனே அந்த டிஸ்க் ஞாபகம் வந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நீங்க சொன்ன மாதிரி சோப்புத் தண்ணியும் துணியும்தான் போடறேன். பெரிய சிஸ்டர் என்னடான்னா, பிளீச்சிங் ஊத்தினியா, பிளீச்சிங் ஊத்தினியான்னு கேக்கறாங்க. நான் ஊத்தலை. ஆனா தரை துடைக்கிற வாளி அங்கதான் இருக்கும், அதுலேர்ந்து தெறிச்சிருக்குமோ என்னமோ. ஏங்க, பிளீச்சிங் பட்டா இப்படி வருமா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள்தான், வீடுதான், கதவும் சாத்தித்தான் இருந்தது. அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "வரும்" என்றார்.

பொய்யில்லை, பிளீச்சிங் பட்டாலும் எவர்சில்வரில் கறை வரத்தான் செய்யும். இந்த ஒரு சமாதானத்தைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் அன்றைக்குத் தூங்கினார். அட, இவர் ஒரு வார்த்தை தைரியம் சொல்லுவார் என்று அவள் கேட்டாளா, இவர் தப்பிக்கட்டும் என்று கேட்டாளா? எது கேட்டாளோ, இவருக்குக் கிடைத்தது தப்பிக்கிற வழி.

மறுநாள் அவள் பெரிய சிஸ்டரிடம் போய், "என் வீட்டுக்காரர் வேலையில குத்தம் இருக்காது சிஸ்டர். நான்தான் வாளியை அஜாக்கிரதையா வெச்சிருப்பேன்" என்று தானாகவே ஒத்துக்கொண்டாள். அதையும் வந்து அவரிடம் சொன்னாள். அவருக்குச் சப்பென்று அறைந்தாற்போல் இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

அதிலிருந்து அவளுக்கு அதே வேலையாகப் போயிற்று. எலுமிச்சம்பழம் வாங்கிப் போய்த் தேய்த்தாள். பல்பசை போட்டுத் தேய்த்தாள். புள்ளி போகும், சந்தோஷமாக வந்து சொல்லுவாள், இரண்டு நாளில் அதே இடத்தில் வந்து நிற்கும். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்தது. "ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்று கேட்டாள். "வேலை தலைக்கு மேல கிடக்கு" என்றார். பட்டறையில் அந்த நாட்களில் அவர் யாரையும் திட்டவில்லை. யாரோ ஒருவர் இரும்புக் குழாயைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் சாய்த்து வைத்தபோதுகூடக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார். உடம்பு சரியில்லையோ என்று முதலாளி விசாரித்தார்.

கடைசியில் ஒருநாள் அவள் இஸ்திரி போடாத புடவையைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். என்ன என்று கேட்டார். "பின்கட்டுல வாளியும் அழுக்குத்துணியும் அலச மாத்திட்டாங்க. அதுக்கு எதுக்கு இஸ்திரி?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் லீவு போட்டுவிட்டு, வெல்டிங் கறையை எடுக்கிற ஆசிட் பசை, கையுறை, நைலான் நார் எல்லாம் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். புள்ளி இருந்த இடத்தில் பசையைத் தடவி, ஊறவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தார். உள்ளே உட்கார்ந்திருந்த இரும்புப் பொடியை ஆசிட் தின்றுவிட்டது. அவ்வளவுதான் வேலை. அரை நாள்கூட ஆகவில்லை. இதைச் செய்யாமல்தான் இத்தனை வாரம் அவளைத் தேய்க்க விட்டிருந்தார்.

பெரிய சிஸ்டர் வந்து பார்த்தார், பின்கட்டிலிருந்து அவளையும் கூப்பிட்டனுப்பினார். "பாரும்மா, நீ பண்ணி வெச்சதை உன் வீட்டுக்காரர் லீவு போட்டுட்டு வந்து சரி பண்ணிட்டார்."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸுங்க" என்றாள், அங்கே கூடிவிட்ட நர்ஸுகள் முன்னால், புருஷனுக்கு.

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது அவருக்கு. "சிஸ்டர், ஒண்ணு சொல்லணும்" என்றார். "இது இவ பண்ணது இல்ல. நான் பண்ணது. இரும்பு தேய்ச்ச டிஸ்க்கை இதுல போட்டுட்டேன். அதான் துரு வந்துச்சு. என் தப்பு."

பெரிய சிஸ்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எவர்சில்வர்ல துரு எப்படிங்க வரும்? பொண்டாட்டியைக் காப்பாத்த என்னமா ஒரு கதை கட்டறீங்க! இந்தக் காலத்துல எந்த ஆம்பளை இப்படிப் பழியை ஏத்துக்கறான்? நீ குடுத்து வெச்சவம்மா."

"இல்ல சிஸ்டர், நிஜமாவே..."

"போதும், போதும். எனக்குப் புரியுது. இவர் முகத்துக்காக விடறேன். நாளையிலேர்ந்து நீ பழையபடி இந்த அறைக்கே வந்துடு."

அங்கே நின்ற நர்ஸுகளுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது. அவர் மனைவிக்கும் கலங்கித்தான் போயிற்று. பெருமை தாங்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மற்றவர்களுக்கு அவரைத் தெரியாது. அவளுக்குத் தெரியும். தம்ளர் உருண்டால்கூடத் தன் தப்பு என்று சொல்லாத மனுஷன், செய்யாத தப்பைச் செய்தேன் என்று சொல்வானா? செய்த தப்பைச் சொல்வதே அபூர்வம். அவர் தரையைப் பார்த்தார்.

வேலை முடிந்து இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எப்ப தெரியும்?"

"நீ முதல் நாள் சொன்னப்பவே."

"பிளீச்சிங் பட்டா வருமான்னு கேட்டேன். வரும்னீங்க."

"பிளீச்சிங் பட்டாலும் வரும்..." என்று ஆரம்பித்தவருக்கு, அந்த வார்த்தை தன் காதுக்கே கேவலமாகக் கேட்டது. நிறுத்திக்கொண்டார்.

"எலுமிச்சம்பழம் வாங்கிட்டுப் போனப்பவும் தெரியும்."

"ம்."

"பல்பசை போட்டுத் தேய்ச்சப்பவும்."

"ம்."

"என்னை வாளி கழுவ அனுப்பினப்பவும்."

அவர் கையுறையும் நாரும் இருந்த பையைக் கை மாற்றிப் பிடித்தார்.

"துரு வந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. யாருக்கும் கை தவறும். ஆனா நான் தினமும் வந்து சொல்லச் சொல்ல, சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தீங்களே!" அவள் குரலை உயர்த்தவில்லை. "இப்ப அந்த அறையும் திரும்பக் கிடைச்சிருக்கு. உங்க முகத்துக்காகவாம். அப்ப என் முகத்துக்கு என்ன?"

பஸ் வந்தது. இடம் இருந்தும் அவள் தனியாகப் போய் முன்னால் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை பாலிஷ்காரர் பட்டறைக்குப் போனதும் நேராகக் கோட்டைத் தாண்டி இரும்புப் பக்கம் போனார். "அன்னிக்கு உன் டிஸ்க்கை எடுத்தது நான்தான்" என்றார். முதலாளி, வளைக்கிறவர், வெல்டிங்காரர் எல்லாரும் இருக்கும்போதே சொன்னார். கேலி வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்.

"தெரியும் அண்ணே. திருப்பி வெக்கும்போது தலைகீழா வெச்சிருந்தீங்க."

"தெரிஞ்சு ஏன் கேக்கலை?"

"கேட்டேனே! காவல்காரனான்னீங்க. அதுக்கு மேல கேட்டா மட்டும் ஒத்துக்கவா போறீங்க?" கேட்காரர் இதைச் சிரிக்காமல் சொன்னார். வேறு யாரும் சிரிக்கவில்லை. தான் தப்பை ஒத்துக்கொள்ளாத ஆள் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரே எவர்சில்வர் தகட்டில் இரண்டு துண்டு வெட்டிக்கொண்டார். ஒன்றைப் புது டிஸ்க்கில் தேய்த்தார், இன்னொன்றைக் கேட்காரர் டிஸ்க்கில் தேய்த்தார். இரண்டுக்கும் ஒரே மாதிரி பாலிஷ் போட்டார். கொண்டுபோய்ப் பெரிய சிஸ்டரின் ஜன்னல் கட்டையில் வைத்து, மேலே ஈரத்துணியைப் போட்டு மூடி, "இதை அப்படியே விடுங்க சிஸ்டர். அப்பப்ப துணியை மட்டும் நனைச்சு விடுங்க. அடுத்த வாரம் வரேன்" என்றார். பெரிய சிஸ்டருக்கு வேடிக்கையாக இருந்தது. சரி என்றார்.

அடுத்த வாரம் துணியை எடுத்தபோது ஒரு துண்டு வைத்தபடியே இருந்தது. இன்னொன்றில் பழுப்புப் புள்ளி, தொட்டியில் இருந்த அதே புள்ளி. பிளீச்சிங் வாளி அந்த ஜன்னல் பக்கம் வந்ததே இல்லை. பெரிய சிஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப நீங்க அன்னிக்குச் சொன்னது..."

"நிஜம் சிஸ்டர். முதல்லயே தெரியும். சொல்லலை."

பெரிய சிஸ்டர் அவரை அப்போது பார்த்த பார்வையில் முந்தைய வாரத்து மரியாதை துளியும் இல்லை. எழுந்து கட்டுப்போடும் அறைக்குப் போனார். பாலிஷ்காரரும் பின்னாலேயே போய் வாசலில் நின்றார். "மன்னிச்சுக்கம்மா. விசாரிக்காம உன்னைச் சொல்லிட்டேன்" என்று பெரிய சிஸ்டர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "பரவாயில்ல சிஸ்டர்" என்றாள் அவள். இஸ்திரி போட்ட புடவை கட்டியிருந்தாள். வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள். பார்க்காதது போல் இருக்கவில்லை. லேசாகத் தலையை அசைத்தாள்.

பாலிஷ்காரருக்கு மூச்சு வந்தது. போகலாம் என்று திரும்பினார்.

அதற்குள் கட்டுப் பிரிக்க வந்த ஒரு பெரியம்மா, கையைக் கழுவிக்கொண்டே தொட்டியைத் தடவிப் பார்த்தாள். "அடேயப்பா, முகமே தெரியுதே! யாரும்மா செஞ்சது இது?"

அவர் நின்றார். எத்தனையோ ராத்திரி சோற்று முன்னால் உட்கார்ந்து, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டு வாங்கிய பதில் அது. அவள் துணியைப் பிழிந்து தொட்டியின் விளிம்பைத் துடைத்தாள்.

"ஏதோ பட்டறையில செஞ்சதும்மா" என்றாள்.